இல்லத்தரசியர் பக்கம்: காத்திருக்கும் வேலையும் காத்திராத வேலையும்



இப்பக்கத்துக்கு வந்த கடிதங்களுள் ஒன்று பல நாட்களாக நெஞ்சை விட்டு அகலவில்லை. எழுதியவர் தையற்கலை அறிந்த சகோதரி. தலைப்பிள்ளைக்கு மூன்று வயது; இப்போது வயிற்றில் ஆறு மாதக் கரு. பெருநாள் நெருங்குவதால் தெருப் பெண்களின் ரவிக்கைத் துணிகளும் பிள்ளைகளின் சட்டைத் துணிகளும் பை பையாக வந்து குவிந்திருக்கின்றன. கொல்லையில் அவரே வளர்த்த கீரைப் பாத்தியும் கத்தரிச் செடிகளும் நாள்தோறும் தண்ணீருக்குக் காத்து நிற்கின்றன. போதாக்குறைக்கு, வாரத்தில் இரண்டு நாட்கள் கேக்கும் நானகத்தாயும் சுட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விற்று வருகிறார். மாலையானால் கால்கள் வீங்குகின்றன, இடுப்பு நோகிறது.

"முடியவில்லை" என்று சொன்னால், "நாங்களெல்லாம் பிள்ளை பெறுகிற நாள் வரை உரலில் நெல் குத்தியவர்கள்" என்கிறார் மாமி. கணவரோ, "எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண் மேல் போடு" என்கிறார். "இவ்விருவரில் யார் சொல்வது சரி? இன்று விட்டுவிட்டால் இந்தத் தொழில் மறுபடியும் என் கைக்கு வருமா?" இதுதான் கடிதத்தின் கடைசி வரி.

இக்கேள்வி ஒரு வீட்டின் கேள்வி அன்று. ஊசியும் மண்வெட்டியும் அடுப்பும் நம் பெண்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், சிறுவாட்டுப் பணமும், "இது என் கையால் ஆனது" என்னும் மனநிறைவும் அவற்றில்தான் இருக்கின்றன. இறைநம்பிக்கையாளர்களின் அன்னையருள் ஒருவரான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோலைப் பதனிட்டும் தைத்தும், அதில் வந்ததைத் தருமம் செய்து வந்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. உழைக்கும் கையை இஸ்லாம் உயர்த்தியே வைத்திருக்கிறது. எனவே, "மூட்டை கட்டிப் போடு" என்பது எளிதில் சொல்லிவிடத்தக்க சொல் அன்று. அதே வேளையில், ஆறு மாதக் கருவைச் சுமப்பவளின் உடலும் கன்னிப் பருவத்து உடல் அன்று.

அஸ்மா (ரலி) அம்மையாரின் இல்லம்

நம் சகோதரியின் நிலையைப் படித்ததும் நினைவுக்கு வந்தவர் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் அருமை மகளார் அஸ்மா (ரலி) அம்மையார். நிறைமாதக் கர்ப்பிணியாக மக்காவிலிருந்து ஹிஜ்ரத் புறப்பட்டு, மதீனாவை அடுத்த குபாவில் மகனைப் பெற்றெடுத்தவர் அவர். அக்குழந்தையே அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி). கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் பேரீச்சம் பழத்தை மென்று அக்குழந்தையின் வாயில் தடவித் துஆச் செய்தார்கள்.

அம்மையார் தம் இல்லற வாழ்வின் தொடக்க காலத்தைப் பற்றித் தாமே கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் அன்று குதிரையும் தண்ணீர் சுமக்கும் ஒட்டகமும் தவிர வேறு செல்வம் இல்லை. குதிரைக்குத் தீனி வைத்ததும், தண்ணீர் இறைத்ததும், கிழிந்த தோல் வாளியைத் தைத்ததும், மாவு பிசைந்ததும் அம்மையாரே. கணவருக்கு வழங்கப்பட்ட நிலத்திலிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். நிலம் இருந்த தொலைவு ஏறத்தாழ இரண்டு மைல்.

தையல், நிலம், மாவு என்று மூன்றும் அந்த ஒரே வீட்டில் இருந்ததைப் பாருங்கள்! ஆனால் அச்செய்தியில் நாம் வழக்கமாகக் கவனியாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அம்மையாருக்கு ரொட்டி நன்றாகச் சுட வராது. எனவே அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் அவருக்காக ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். அவர்களை உண்மையான பெண்மணிகள் என்று அம்மையார் பின்னாளில் புகழ்ந்தார்கள். சுமையோடு நடந்து வந்த ஒரு நாளில் வழியில் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், தம் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து ஏற்றிச் செல்ல முன்வந்தார்கள். அம்மையார் நாணத்தால் ஏறவில்லை. இதைக் கேள்வியுற்ற கணவர், நீ அச்சுமையைத் தலையில் சுமந்து வந்ததே எனக்கு அதைவிடக் கடினமாக இருக்கிறது என்று வருந்தினார். இறுதியில் தந்தையார் குதிரையைப் பராமரிக்கப் பணியாள் ஒருவரை அனுப்பி வைத்தார்கள். அதனால் தாம் விடுதலை பெற்றதைப் போல் உணர்ந்ததாக அம்மையார் கூறினார்கள்.

அண்டை வீட்டார் ஒரு வேலையை ஏற்றார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் வழியில் நின்று சுமையைக் கண்டார்கள். கணவர் வருந்தினார். தந்தை உதவியாள் அனுப்பினார். உழைப்பின் பெருமையைப் பேசும்போது அஸ்மா (ரலி) அம்மையாரை எடுத்துக்காட்டுகிறோம். அவரது சுமையை இறக்கியவர்களையும் உடன் எடுத்துக்காட்டினால்தான் வரலாறு முழுமையாகும்.

எதை வைப்பது, எதை விடுவது?

"தையலை வைத்துக்கொண்டு தோட்டத்தை விடுவதா? கேக்கை விட்டுத் தையலை வைத்துக்கொள்வதா?" என்று தொழில்களை முழுமுழுதாக எடுத்து நிறுப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் இரு வகை வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் காத்திருக்கும் வேலை. மற்றொன்று, கைவிட்டால் கெட்டுப்போகும் வேலை. கர்ப்பிணிக்கு எந்நேரம் தலை சுற்றும், எந்நேரம் படுக்க வேண்டிவரும் என்று சொல்ல முடியாது. கைக்குழந்தையோ, பிறந்த புதிதில் ஒரு நாளில் 8 முதல் 12 முறை பாலுக்கு அழும். தாய்க்குத் தொடர்ச்சியாகக் கிடைப்பது ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்குள் அடங்குவதும் பாதியில் காத்திருப்பதும் தாய்க்கு உரியவை. காத்திராதவற்றைப் பிறர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்க ஆளில்லையெனில் பின்னுக்குத் தள்ள வேண்டும். இந்த ஒரே அளவுகோலை வைத்து மூன்று தொழில்களையும் பார்ப்போம்.

தையல்

ஓரம் மடித்துத் தைப்பது, பொத்தான் வைப்பது, கொக்கி கட்டுவது, காஜா எடுப்பது, பூவேலை செய்வது ஆகியவை காத்திருக்கும். எழுந்து போய் வந்து விட்ட இடத்தில் தொடரலாம். அளவெடுத்துத் துணி வெட்டுவது அப்படியன்று. இடையில் கவனம் சிதறினால் பிறர் துணி பாழாகும். வெட்டும் வேலையை உடல் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், வீட்டில் வேறொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்போது மட்டும் செய்யுங்கள். தரையில் துணியை விரித்துக் குனிந்து வெட்டும் பழக்கத்தைக் கருவுற்ற காலத்தில் நிறுத்திவிட்டு, இடுப்பளவு உயரமுள்ள மேசையைப் பயன்படுத்துங்கள்.

இயந்திரத்தின் முன் நெடுநேரம் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தால் கணுக்கால் வீங்கும். கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவு ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது. வளர்ந்த கருப்பை, கால்களிலிருந்து இரத்தம் மேலேறும் நாளங்களை அழுத்துகிறது. இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பும் இக்காலத்தில் மற்ற நாட்களைவிட அதிகம். ஆகையால் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து பத்து எட்டு நடங்கள். முதுகு சாயும் நாற்காலியில் அமருங்கள். ஓய்வில் கால்களைச் சிறு பலகை மேல் உயர்த்தி வையுங்கள். நலமாக உள்ள கர்ப்பிணி மிதமாகத் தைப்பதால் கருவுக்குத் தீங்கில்லை. மருத்துவர் ஓய்வு சொல்லியிருந்தால் மட்டும் அந்தச் சொல்லுக்கு மேல் வேறு சொல் வேண்டாம்.

பெருநாள் துணிகளே பெரிய சோதனை. அவை தேதி குறித்த வேலை. ஒரு நாள் தவறினாலும் பயனில்லை. ஆண்டுதோறும் முப்பது உருப்படி எடுப்பவர், கருவுற்ற ஆண்டில் பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வாக்களித்துவிட்டு மாறுவதைவிட, "இந்த முறை முடியாது, அடுத்த முறை இன்ஷா அல்லாஹ்" என்று முகமலர்ச்சியோடு சொல்லிவிடுவது மார்க்கத்துக்கும் தொழிலுக்கும் நல்லது. எடுத்த வேலைக்குத் தேதி சொல்லும்போதும் ஒரு வாரம் தள்ளியே சொல்லுங்கள். அண்டையில் தைக்கத் தெரிந்த வேறொரு சகோதரி இருந்தால் வாடிக்கையாளரை அவரிடம் அனுப்பி வையுங்கள். வாடிக்கை போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். உங்கள் கைத்தையலை விரும்புகிறவர் திரும்பி வருவார். இன்று நீங்கள் செய்யும் உதவி நாளை அந்தச் சகோதரியின் பேறுகாலத்தில் உங்களிடம் திரும்பும்.

பிள்ளை தவழத் தொடங்கியபின் தையலறையில் மற்றோர் அச்சம் உண்டு. கீழே விழுந்த ஊசி, குண்டூசி, பொத்தான் ஆகியவை குழந்தையின் வாய்க்குப் போகும். ஒரு காந்தத்தை நூலில் கட்டி, தையல் முடிந்ததும் தரை முழுவதும் ஒருமுறை இழுத்துவிடுங்கள். ஊசிகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பொத்தான்களைத் தட்டில் வைக்காமல் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கத்தரிக்கோலுக்கு உயரமான ஆணியே இடம்.

தோட்டம்

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனும் பறவையும் விலங்கும் உண்பது அவருக்குத் தருமமாகக் கணக்கிடப்படும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். இந்த நற்செய்தியில் கர்ப்பிணிக்கு ஒரு தனி ஆறுதல் உண்டு. நட்டவள் கட்டிலில் படுத்திருக்கும்போதும் நட்டது தருமம் செய்துகொண்டே இருக்கும்!

ஆகவே எதை நடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தக்காளியும் கத்தரியும் நாள்தோறும் நீரும் பூச்சிக் காவலும் கேட்பவை, காத்திராத பயிர்கள். முருங்கை, கறிவேப்பிலை, மருதாணி, கொடிப்பசலை, பிரண்டை ஆகியவை வேர்விட்டபின் சில நாள் கவனியாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும். கரு தங்கிய ஆண்டில் இவற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் குறைத்துவிடுங்கள். கீரை ஆசை உள்ளவர்கள் ஒரே ஒரு சிறு பாத்தியில் முளைக்கீரை விதைக்கலாம். ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம்.

தண்ணீர்க் குடம் தூக்குவதை இக்காலத்தில் அறவே தவிர்க்க வேண்டும். நிரம்பிய குடத்தின் எடை பத்துக் கிலோவைத் தாண்டும். குழாயில் மாட்டும் ரப்பர்க் குழலோ, பிள்ளைகள் கையில் ஒரு குவளையோ போதும். களையெடுக்கக் குந்தி அமர்வதைவிடச் சிறு முக்காலியில் அமர்வது நலம்.

மண்ணில் கைவைக்கும்போது கையுறை அணியுங்கள். பூனையை நாம் அன்போடு வளர்க்கும் மக்கள். ஆனால் பூனையின் கழிவு கலந்த மண்ணில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி இருக்கக்கூடும். கர்ப்பிணியின் உடலில் அது புதிதாகப் புகுந்தால் கருவிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் தாக்கக்கூடும். தோட்ட வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்; கீரையைப் பலமுறை அலசிச் சமையுங்கள். பூனைக் கழிவை அள்ளும் வேலை வீட்டில் வேறொருவருடையது. பூச்சிமருந்து தெளிக்கும் இடத்தில் கர்ப்பிணி நிற்கவே கூடாது. தாயையும் பிறக்கும் குழந்தையையும் காக்கவே மருத்துவமனையில் ரண ஜன்னித் தடுப்பூசி போடுகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

பூந்தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு அந்தத் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் தாய்க்கும் சேய்க்கும் பெரும் ஆபத்து.

கொல்லையில் முருங்கை இருக்கிறது என்பதற்காக இரும்புச் சத்து மாத்திரையை ஒதுக்கிவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் 180 நாட்களும், பிள்ளை பெற்றபின் 180 நாட்களும் அம்மாத்திரையை உட்கொள்ளும்படி அரசின் சுகாதாரத் திட்டம் வலியுறுத்துகிறது. கீரை அதற்குத் துணை, மாற்று அன்று. தேநீரோடு மாத்திரை விழுங்கினால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு உட்கொண்டால் நன்கு சேரும்.

அடுப்பு

முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் கேக் மாவு ஒரு நிமிடமும் காத்திராது. கலந்த மாவை உடனே ஓவனில் வைக்காவிட்டால் நுரை அடங்கித் தட்டையாகிவிடும். ஈஸ்ட் சேர்த்த ரொட்டி மாவும் பன் மாவும் அப்படியல்ல. குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரவு முழுதும் மெல்லப் பொங்கிக்கொண்டிருக்கும். நானகத்தாய் மாவையும் பிசைந்து மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் உடல் ஒத்துழைக்கும் வேளையில் சுடலாம். எனவே பேறுகாலம் நெருங்கும்போது கேக்கைக் குறைத்து, காத்திருக்கும் பண்டங்களின் பக்கம் சாய்வதே அறிவுடைமை. மேலும் கீழும் தணலிட்டுச் சுடும் தம்மடையை மற்றவர் கையில் விட்டுவிடுங்கள். விறகுப் புகையும் தணலின் வெப்பமும் கர்ப்பிணிக்கு ஆகா.

ருசி பார்ப்பதில் இரு எச்சரிக்கைகள். பச்சை முட்டை கலந்த மாவை விரலில் தொட்டு நக்குவது பலருக்கும் பழக்கம். பச்சை முட்டையிலும் வேகாத மாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். இக்காலத்தில் அப்பழக்கம் வேண்டாம். இரண்டாவது, சர்க்கரை. கர்ப்பத்தில் மட்டும் தோன்றும் நீரிழிவு நம் நாட்டுப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. இதைக் கண்டறிய 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறார்கள். சர்க்கரை அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரின் கண்காணிப்பு தேவை. இனிப்புப் பண்டம் செய்து விற்கும் சகோதரிகள் இச்சோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

சூடான தட்டை ஓவனிலிருந்து எடுக்கும்போது, கையில் குழந்தை இருக்கலாகாது. பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டே கதவைத் திறவுங்கள்.

பேற்றுக்குப் பின்

நம் வீடுகளில் நாற்பது நாள் என்றொரு நல்ல வழக்கம் இருக்கிறது. அந்த நாற்பது நாளில் தாயின் வேலை மூன்றே: உண்பது, உறங்குவது, பாலூட்டுவது. அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்கள் முதல் ஆறு வாரம் தம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கலாகாது. அதன்பின்னும் முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே உணவு என்பதால், தையலுக்குத் திரும்புவது மெல்லவே நிகழட்டும். முதல் மாதம் பொத்தான் வேலை. அடுத்த மாதம் ஒன்றிரண்டு சட்டை. எந்த நற்செயலும் சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியை இவ்விடத்தில் நினைவில் கொள்ளலாம்.

சில தாய்மாருக்குப் பிள்ளை பெற்றபின் காரணமின்றிக் கண்ணீர் வரும். எதிலும் மனம் பற்றாது. சில நாட்களில் தெளிந்துவிடுவதே இயல்பு. இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடித்தால் அது நோய். மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியது. "ஈமான் குறைவு" என்றோ "வேலை செய்தால் சரியாகிவிடும்" என்றோ சொல்லி அந்தப் பெண்ணைக் காயப்படுத்தாதீர்கள்.

வீட்டாருக்குச் சில சொற்கள்

மாமிமாரே! நீங்கள் உரலில் நெல் குத்தியது உண்மை. அன்று உங்களைச் சுற்றி எத்தனை கைகள் இருந்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தி குத்தினால் ஒருத்தி புடைத்தாள். மற்றொருத்தி உங்கள் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். இன்று உங்கள் மருமகள் குத்துவதும் புடைப்பதும் பிள்ளையை வைத்திருப்பதும் தனியாகவே.

திருமறையில் தாயின் சுமையை அல்லாஹ் பேசுகிறான். மேன்மேலும் பலவீனமுற்ற நிலையில் அவள் கருவைச் சுமப்பதை லுக்மான் அத்தியாயம் (31:14) எடுத்துரைக்கிறது. மர்யம் (அலை) அவர்கள் பேறுகால வேதனையில் துவண்டபோது, இறைவன் காலடியில் நீரோடையையும் தலைக்கு மேல் கனிந்த பேரீச்சம் பழத்தையும் வழங்கி, உண்ணும்படியும் பருகும்படியும் மனம் குளிரும்படியும் அறிவித்ததை மர்யம் அத்தியாயத்தில் (19:23-26) ஓதுகிறோம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ரமலான் நோன்பிலேயே சலுகை வழங்கியிருக்கிறது மார்க்கம். கடமையான நோன்பையே பின்னொரு நாளுக்குத் தள்ளிவைக்க இடமிருக்கும்போது, பக்கத்து வீட்டாரின் ரவிக்கையைத் தள்ளிவைக்க இடமில்லையா?

கணவன்மாரே! பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பு தந்தையைச் சேர்ந்தது என்று பகரா அத்தியாயம் (2:233) விதிக்கிறது. மனைவி தைத்துச் சம்பாதிப்பது அவருக்கே உரியது. அவரது விருப்பத்தால் வீட்டுக்கு வந்தால் அது அவரது ஈகை. ஆகவே அவர் ஆறு மாதம் தைக்காமல் இருப்பதை வீட்டின் நட்டமாகக் கணக்கிடும் உரிமை உங்களுக்கு இல்லை. "மூட்டை கட்டிப் போடு" என்று சொல்வதும் உதவியாகாது. தண்ணீர் ஊற்றுவதும் துணியை உரியவர் வீட்டில் கொண்டு சேர்ப்பதும் ஓவன் தட்டை இறக்கி வைப்பதும்தான் உதவி. பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடை பகர்ந்தார்கள். தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்ட, தம் காலணியைத் தாமே செப்பனிட்டுக்கொண்ட தலைவரின் உம்மத் நாம்.

அலுவலகத்தில் பணிபுரியும் பெண்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. வீட்டில் தைப்பவருக்கு அத்தகைய விடுப்பு வழங்க முதலாளி எவரும் இல்லை. அவருடைய குடும்பமே வழங்க வேண்டும். தமிழ்நாட்டுச் சகோதரிகள் அறிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. தையல் தொழிலாளர்களுக்கென அரசின் நல வாரியம் உள்ளது. உறுப்பினராகப் பதிந்தவர்களுக்கு மகப்பேற்று உதவியும் உண்டு. ஏழைக் கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018-இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்குக் கருவுற்ற தொடக்கத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இது இரத்தல் அன்று, உரிமை.

உடனே வேலையை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

இரத்தக் கசிவு, நீர்க் கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, தீராத தலைவலி, கண் மங்குதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைதல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் கையிலுள்ள ஊசியை அப்படியே வைத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். "இந்த ஒரு தையல் முடியட்டும்" என்று இருக்க வேண்டாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இறுதியாக ஒன்று. மாலை நேரக் கால் வீக்கத்தையும் இடுப்பு நோவையும் அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் இவ்வாரமே மருத்துவரிடம் கூறி, இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். குவிந்துள்ள பைகளில் வெட்டாத துணிகளை இன்றே பிரித்தெடுத்து, உரியவரிடம் உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். வெட்டியவற்றை மட்டும் முடியுங்கள். கத்தரிப் பாத்தியை இப்பருவத்துக்கு விட்டுவிடுங்கள், முருங்கை நிற்கட்டும். கேக் நிற்கட்டும், நானகத்தாய் முடிந்தபோது நடக்கட்டும். "தொழில் மறுபடியும் என் கைக்கு வருமா?" என்று கேட்டிருந்தீர்கள். பல ஆண்டுகள் பழகிய கை, சில மாத ஓய்வில் மறந்துவிடாது. உங்கள் வயிற்றிலுள்ள பிள்ளைக்கு இப்போது வேண்டியது உங்கள் உடல்நலம். அதற்குத் தவணை சொல்ல முடியாது.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் தாய்மார் அனைவருக்கும் சுகப்பேற்றையும், ஸாலிஹான பிள்ளைகளையும், சுமை கண்டு இரங்கும் குடும்பத்தாரையும், உழைப்பில் பரக்கத்தையும் நல்கியருள்வானாக! ஆமீன்.